ஞானம்மாளின் மூன்றாவது பந்து

ஞாயிறு மாலை நாலரை மணி. முடிச்சூர் மைதானத்தில் மழைத்தண்ணீர் வடிந்த சேறு வெயிலில் மினுங்குகிறது. பதினொரு வருடம் மாநில அணியின் கோல்கீப்பராக நின்ற ஜான்சி, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காகத் தான் தொடங்கிய கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறாள். மூன்று பந்தில் ஒன்றையாவது அவளைத் தாண்டி அடிப்பவருக்கே இடம். நைட்டிமேல் கணவனின் சட்டையை மாட்டியிருக்கும் ஞானம்மாள் இரண்டைத் தவறவிட்டுவிட்டாள். மீதி ஒன்றுதான். "இன்னா ஞானம், பாத்திரம் தேய்க்கிற மாதிரி தடவிகினு கீற!" என்கிறார் கோட்டுக்கு வெளியே நிற்கும் கணவர் பொன்னுசாமி. அடுத்த மூச்சிலேயே, "யம்மா ஜான்சி, பாவம், இத்த மட்டும் உட்டுடேன்" என்று கெஞ்சுகிறார். "நீ கம்முனு கெட!" என்ற ஞானம்மாள், நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து உதைக்கிறாள். ஜான்சி முழு உடலையும் நீட்டி இடப்பக்கம் பாய்கிறாள். அவள் கையுறையை உரசிக்கொண்டு பந்து வலைக்குள் போய் விழுகிறது. சுற்றிலும் கைதட்டுகிறார்கள். ஞானம்மாள் சிரிக்கவில்லை, நேரே போய், சேற்றில் கிடப்பவளைத் தூக்கி உட்கார வைக்கிறாள். "மெய்யாலுமே புடிக்கத்தான பாஞ்ச?" ஜான்சி, சிராய்த்து ரத்தம் கசியும் முழங்கையைத் திருப்பிக் காட்டுகிறாள். அதைக் குனிந்து ஊதிவிட்ட பிறகுதான் ஞானம்மாள் கோட்டுப் பக்கம் திரும்பி, "யோவ், கோலு போட்டுட்டேன்யா!" என்று கத்துகிறாள்.