சாப்பாடு எத்தனை மணிக்கு?

கிட்டே வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் பெரிய படிப்பு படித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஒரு பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் பயிலரங்கம் நடந்தது. வாசலில் ஒரு கம்ப்யூட்டர். வருகிறவர் பேராசிரியர்தானா என்று பார்த்துக் கதவைத் திறப்பது அதன் வேலை. மாடிப்படிக்கு அடியில் நாலு குட்டி போட்டு, ரெண்டு நாளாகப் பட்டினி கிடந்த செவலை நாய், பிரியாணி வாசனை பிடித்து அங்கே வந்தது.

"உள்ளே விடுப்பா. குட்டிங்களுக்குப் பாலே ஊறலை."

"முடியாது. முந்நூறு பேராசிரியரைப் பார்த்துப் படிச்சவன் நான். அந்தக் கணக்குல நீ வரலை."

"அடேங்கப்பா! ஏன், வால் இருக்கிறதாலயா?"

"வாலெல்லாம் யார் பார்த்தா? எல்லாம் டேட்டா!" கம்ப்யூட்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "கழுத்துல அடையாள அட்டை தொங்கணும். நுழையும்போதே 'சாப்பாடு எத்தனை மணிக்கு?'ன்னு கேட்கணும். முந்நூறு பேர்ல ஒருத்தர்கூட வேற கேள்வி கேட்டதில்லை."

செவலை அங்கிருந்து நகர்ந்தது. குப்பைத்தொட்டியில் கிடந்த பழைய அட்டையின் கயிற்றுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"சாப்பாடு எத்தனை மணிக்கு, தம்பி?"

"வணக்கம், மேடம்! ஒரு மணிக்கு." கதவு அகலமாகத் திறந்தது.

ஒரு மணிக்கு செவலை பிரியாணியை வயிறு முட்டத் தின்றது. ஓடிப்போய்க் குட்டிகளுக்குப் பால் கொடுத்தது. அப்புறம் திரும்பி வந்து, முன்வரிசையில் ஏறி உட்கார்ந்து, மற்ற பேராசிரியர்களைப் போலவே கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு, ஆராய்ச்சிக் கட்டுரையைக் கேட்டது.