தானாக மூடும் கதவு

திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி. தீவிர சிகிச்சைப் பிரிவின் தீத்தடுப்புக் கதவு மூடாதபடி அடியில் ஒற்றைச் செருப்பு செருகியிருக்கிறது. கதவுகளைச் சோதிக்க வந்த ஜெபகுமார் அதை உருவுகிறான். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஹரிதா ஒரு கால் வெறுங்காலாக எழுந்து வருகிறாள். “மூடிக்கினா நர்சு கூப்புட்றது கேக்காதுண்ணா. நைனா உள்ள கீறாரு.” “நெருப்பு புடிச்சா உங்கப்பாகிட்ட பொகை போவாம தடுக்கறது இந்தக் கதவுதாம்மா.” அகலத் திறந்து கையை எடுக்கிறான். படிக்கட்டில் விழுந்திருந்த வெளிச்சப் பட்டை குறுகிக் குறுகி மறைகிறது. உள்ளிருந்து வந்த கருவிகளின் ஒலியும் கேட்காமல் போகிறது. ஹரிதா செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கதவையே பார்க்கிறாள். மூன்று முறை சோதித்தால் போதும். மூன்று முறையும் சரியாக மூடியதென்று எழுதிக்கொள்கிறான். பிறகு நான்காவது முறையும் திறந்து, கையை எடுக்காமல் நிற்கிறான்.