இன்ஸ்பெக்டரின் எஞ்சின்

"உங்க எஞ்சின் மறுபடியும் படுத்துடுச்சு."

கடைக்குள் காலை வைக்கும்போதே பெரியவர் அறிவித்தார். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

கல்லாவில் இருந்தவளுக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். குட்டி ரயில் வாங்கலாமென்று வந்திருந்த ஒரு தம்பதி, கையில் எடுத்த எஞ்சின் பெட்டியைப் பூப்போல அலமாரியில் வைத்துவிட்டு நழுவினார்கள்.

அவள் கணவன் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வந்தான்.

"கொண்டாங்க சார், பார்த்துடுவோம்."

எஞ்சினைப் பிரித்து, உள்ளே விட்டுப்போயிருந்த ஒரு கம்பியைப் பற்றவைத்தான். அதற்குள் பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த ரயிலைப் பார்த்து, "வளைவுல இவ்வளவு வேகம் ஆகாதுப்பா" என்று ஆரம்பித்தார். வழக்கமாக வருகிறவர்கள் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவருக்குத் தண்டவாளம் போடுவதில் யோசனை, இன்னொருவர் அட்டையில் செய்துவந்த சுரங்கப்பாதைக்கு ஏகப்பட்ட குறை. கடையில் அவருக்கு வைத்த பெயரே இன்ஸ்பெக்டர்.

எஞ்சின் எப்போதோ சரியாகிவிட்டது. அவர் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

"இவர் இதையே எத்தனை தடவை தூக்கிட்டு வருவார்?" என்று கணவனிடம் கேட்டாள்.

"யாரு எண்ணினா?"

"பொருள் சரியில்லைன்னா மாத்திக் கொடுத்துடணும். ஒட்டுப் போட்டே அனுப்பிட்டிருந்தா நம்ம பேர்தான் கெடும்."

அவள் சும்மா சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புகார்ப் பிரிவிலேயே குப்பை கொட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தவள். ஒரு தடவை குறை சொல்லி வந்தவர் அதே குறையோடு மறுபடி படி ஏறக் கூடாது என்பது அவள் கட்சி.

"சின்னக் கோளாறுதானே. பழகின மனுஷன், விடு."

"பழகினவர்தான் நடுக்கடையில நின்னு மானத்தை வாங்கறார்."

அவன் சிரித்து மழுப்பிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்கப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் சரக்கு எடுக்க வெளியே போயிருந்தான். பெரியவர் வந்தார். அதே எஞ்சின், அதே அறிவிப்பு.

அவள் எழுந்து, அதே நிறத்தில் புத்தம்புது எஞ்சினை எடுத்து நீட்டினாள்.

"பழசு எங்ககிட்டயே இருக்கட்டும் சார். இது இன்னும் நல்ல கம்பெனி. இனிமே உங்களுக்கு அலைச்சலே இருக்காது."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அவரோ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ ரிப்பேர் பண்ண ஒண்ணும் இல்லையா?"

"இருக்கவே இருக்காது சார்."

ஸ்டூலை ஒரு பார்வை பார்த்தார். "சரிம்மா" என்று நின்ற வாக்கிலேயே கிளம்பிவிட்டார்.

கணவன் திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னாள். அவன் தூக்கிவந்த பெட்டிகளை இறக்கவும் தோன்றாமல் நின்றான்.

"மாத்தியே கொடுத்துட்டியா?"

"ஏன், தப்பா?"

"தப்புன்னு இல்ல..." என்று இழுத்தவன், பெட்டிகளை இறக்க ஆரம்பித்தான்.

அடுத்த வாரம் கடை நிம்மதியாக இருந்தது. யாரும் எதையும் திருப்பி வைத்துவிட்டுப் போகவில்லை. வியாபாரமும் ஜோர். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. "இன்ஸ்பெக்டர் வரலையா?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டதற்கு, "அவர் எஞ்சின் இப்போ ஜம்முன்னு ஓடுதாம்" என்று பதில் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

அதற்கடுத்த வாரமும் அவர் வரவில்லை. ஸ்டூலின் மேல் யாரோ காலிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

மத்தியானம் போன் அடித்தது. ஒரு வயதான பெண் குரல், ரகசியம் பேசுகிற மாதிரி.

"கடைக்காரத் தம்பி இருக்காரா?"

"சாப்பிடப் போயிருக்கார். நான் அவர் சம்சாரம்தான் பேசறேன்."

"புது எஞ்சின் கொடுத்தது நீதானாம்மா? நான் அந்தப் பெரியவரோட வீட்டுக்காரி. இவர் குளிக்கப் போயிருக்கார், அதான் மெதுவாப் பேசறேன்."

"சொல்லுங்கம்மா. நல்லா ஓடுதில்ல?"

"பிரமாதமா ஓடுது. அதான் கஷ்டமா இருக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆபரேஷன் ஆனதுலேர்ந்து மனுஷர் வாசப்படி தாண்டாமலே இருந்தார்மா. யாரோடயும் பேச்சு கிடையாது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் எஞ்சின் நிஜமாவே கெட்டுப்போச்சு. சட்டையை மாட்டிட்டு உங்க கடைக்குக் கிளம்பினார். திரும்பி வந்து எங்கிட்ட பேசினார் பாரு, அப்படிப் பேசி எத்தனை நாளாச்சு. வேலையில்லாம ஒரு இடத்துக்குப் போறது அவர் சுபாவத்துலயே இல்லை. போன சனிக்கிழமையும் சட்டையைப் போட்டார். எஞ்சினை ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தார். சட்டையைக் கழட்டி மாட்டிட்டார்."

அவள் எட்டி, ஸ்டூல் மேலிருந்த காலிப் பெட்டிகளை இறக்கிக் கீழே வைத்தாள்.

"பழைய எஞ்சின்ல எந்தக் கம்பியைப் பிடுங்கணும்னு உன் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். இதுல எதைப் பிடுங்கறதுன்னு தெரியலையேம்மா?"

அவள் அலமாரியிலிருந்து அதே மாதிரி எஞ்சின் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள்.

"இருங்கம்மா, நானும் ஒண்ணைப் பிரிக்கறேன். ரெண்டு பேருமாப் பார்ப்போம்."