தவளையின் முழங்கால்

வாய்க்காலை ஒரே தாவலில் தாண்டுகிற தவளைக்கு, முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தது. விடிந்ததும் காலை மடக்கவே முடியாது. பத்துத் தாவல் போட்டால் வலி ஓடிவிடும். உடனே தவளை நூறு போடும். மறுநாள் வலி இரண்டு மடங்காய் வந்து உட்கார்ந்திருக்கும்.

பயந்துபோய்ப் பத்து நாள் அசையாமல் கிடந்தது. வலி போயிற்று. எழுந்து ஒரு தாவு தாவியதும் திரும்பி வந்துவிட்டது.

"இனிமே நான் தவளையே இல்லக்கா" என்று கரையில் படுத்துக் கிடந்த எருமையிடம் அழுதது.

"நான் எந்திரிக்கிறதப் பாரு" என்ற எருமை, அத்தனை பாரத்தையும் மெல்லத் தூக்கி எழுந்து நின்றது. "தசைநார் படுத்தே கிடந்தாலும் தேறாது, போட்டு அடிச்சாலும் தேறாது. கொஞ்சம் கொஞ்சமா பாரம் ஏத்து. வலி போச்சான்னு தாவுறப்பக் கேக்காத, மறுநாள் காலையில கேளு."

தவளை முதுகில் கூழாங்கல்லை வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து எழுந்தது. கரைத் தவளைகள் சிரித்தன. அதற்கு மானம் போயிற்று. ஆனாலும் கல்லை இறக்கவில்லை. மாதாமாதம் கல்தான் பெரிதாகிக்கொண்டே போனது.

கடைசியில் வாய்க்காலைத் தாண்டியே விட்டது. கரைத் தவளைகள் கத்தித் தீர்த்தன. அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்ப் படுத்துக்கொண்டது. முழங்கால் நாளைக் காலையில்தான் பதில் சொல்லும்.