பட்டியில் பிறந்த வண்டு

“சாணிய எவ்ளோ வேணும்னாலும் அள்ளிக்கினு போ கண்ணு, வேணாங்கல. ஆனா வண்டுக்கு நான் சொல்ற பேரத்தான் வெக்கணும்” என்று சொல்லிவிட்டு, சுப்புராயன் மாட்டுப்பட்டியின் படலை இழுத்துச் சாத்தினார்.

அபிநயா படலின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தாள். படலுக்கு அந்தப் பக்கம் ஏழு மாடுகள். அவை போட்ட சாணிக்கு அடியில் எங்கேயோ அவளுடைய முனைவர் பட்டம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் மூன்று வருஷமாகச் சாணி வண்டு பொறுக்குகிறாள். வடக்கனந்தல் பக்கம் அவள் ஏறி இறங்காத பட்டி இல்லை. எல்லா இடத்திலும் மாட்டுக்குப் பூச்சி மருந்து ஊசி போட்டுப் போட்டு, சாணியில் வண்டே தங்குவதில்லை. ஊசிக்காரரைக் கண்டாலே குச்சியைத் தூக்குகிற சுப்புராயனின் பட்டியில்தான் போன வாரம் ஒரு வண்டு கிடைத்தது. தலையில் ஒற்றைக் கொம்பு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது இனம்! ஆனால் கிடைத்தது ஆண். பெண்ணும் கிடைத்தால்தான் கட்டுரை அச்சேறும். மழை நின்று தரை இறுகிவிட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

பெயர் விஷயமோ ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் பகலவன் நேற்று போனில் கனிவாகச் சொல்லியிருந்தார். “கட்டுரையில என் பேர் வேண்டாம்மா. வண்டுல இருந்தா போதும்.”

அந்தக் கனிவுக்கு என்ன அர்த்தம் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். போன தடவை ஒரு வண்டுக்குத் தன் அம்மா பெயரை வைத்த சீனியர், எட்டு வருஷமாகியும் பட்டம் வாங்காமல் உளுந்தூர்பேட்டையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

“ஐயா, பேர் வைக்கிறதெல்லாம் காலேஜ்ல முடிவு பண்றதுங்க” என்றாள்.

“இன்னா பேசற? எம்பட்டியில கன்னுக்குட்டி பொறந்தா காலேஜ்லேர்ந்து வந்தா பேரு வெக்கறாங்க? பட்டிக்காரன்தானே வெக்கறான்? கன்னுக்குட்டிக்கு ஒரு நாயம், வண்டுக்கு ஒரு நாயமா?”

அபிநயா வேறு வழியில் மடக்கிப் பார்த்தாள். வண்டின் லட்சணம் தெரிந்தால் மனுஷர் தானாகவே ஒதுங்கிவிடுவார்.

“உங்க பேரை இதுக்கு வச்சா மரியாதையா இருக்காதுங்க. சாணி வண்டுல மூணு வகை. உருண்டை புடிச்சுத் தூரமா உருட்டிக்கிட்டுப் போறது ஒண்ணு. சாணிக்குக் கீழயே குழி தோண்டி உள்ள இழுத்துக்கிறது ஒண்ணு. சாணியிலயே குடித்தனம் பண்றது ஒண்ணு.”

“நம்மளுது எது?”

“இந்த மூணுலயும் சேராதுங்க. இதோட வகையறாவே எந்த வேலையும் செய்யாது. திருட்டு வண்டு. இன்னொரு வண்டு பாடுபட்டுச் சேத்து வச்ச உருண்டைக்குள்ள நைசா நுழைஞ்சு முட்டை போட்டுடும். இதோட புழு மொத்தத்தையும் தின்னு கொழுக்கும். பாடுபட்ட வண்டோட புள்ள பட்டினி கெடந்து சாகும்.”

சுப்புராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “இன்னா வண்டுமா இது! இத்த நான் வுடவே மாட்டேன்.”

புகழாசை வந்துவிட்டால் மனுஷருக்கு வெட்கமே இருக்காது போலிருக்கிறது என்று அபிநயா நொந்துகொண்டாள்.

“ஒரு தபா வெச்சா மாத்த முடியாதுல்ல?”

“முடியாதுங்க. உலகம் இருக்கிற வரைக்கும் அதே பேர்தான்.”

“கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா?”

“ஒண்ணும் நடக்காது.”

“வெளிநாட்டுக்காரன்லாம் படிப்பானா?”

“படிப்பாங்க.”

“சாணியில கெடக்கிற திருட்டு வண்டுன்னு வெவரமா போடுவீங்கல்ல?”

“போட்டோவோட எட்டுப் பக்கம் வரும்.”

சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. படலைத் திறந்து அவளை உள்ளே கூட்டிப்போய், சினைப்பசுவின் முன்னால் நிறுத்தினார். “அது தலையில கை வெச்சு சத்தியம் பண்ணு.”

பொய்ச் சத்தியம் செய்கிற துணிச்சல் அபிநயாவுக்குக் கிடையாது. உளுந்தூர்பேட்டை டியூஷன் சென்டர் கண்ணெதிரே வந்து நின்றது. வண்டை விட்டுவிட்டுப் போனாலும் பட்டம் இல்லை, வேறு பெயர் வைத்தாலும் பட்டம் இல்லை. வண்டாவது மிஞ்சட்டும் என்று பசுவின் தலையில் கையை வைத்தாள். பசு அவள் மணிக்கட்டை நக்கியது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாலாவது சாணியைப் புரட்டி ஒரு முழம் தோண்டியதும், கொம்பில்லாத குண்டுப் பெண் வண்டு, யாரோ உருட்டி வைத்த உருண்டையின் மேல் சொந்த வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தது. அபிநயா குதித்தாள். குதித்த கையோடு அழுகையும் வந்தது. வண்டைக் குப்பியில் போட்டுவிட்டு நோட்டைத் திறந்தாள்.

“சுப்புராயன்னே எழுதிக்கட்டுங்களா, இல்ல இனிஷியலும் சேக்கணுமா?”

“அய்ய! எம்பேரு எதுக்குமா? நான் இன்னா திருடனா?” சுப்புராயன் பதறினார். “எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் கீறான். நான் மாடு மேய்ச்சு அவனப் படிக்க வெச்சேன். பெரிய ஆளானதும் எம்பங்கு நெலத்தையும் நைசா அவம்பேருக்கு எழுதி வாங்கிக்கினான். அவனும் ஏதோ காலேஜ்ல வண்டுப் பாடந்தான் எடுக்கறானாம். எழுதிக்கோ கண்ணு, பகலவன்.”