இருநூறு பேர் ஆடிய ஆட்டம்

உலகின் மிகச்சிறந்த வீடியோ கேம் எது என்று தீர்ப்பளிக்கும் குழுவில் இளவேனில் இருந்தாள். நாற்பது கோடிப் பேர் ஆடிய ஆட்டம்தான் முதலிடம் பெறும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஓர் ஆட்டம் மனிதர்களை எவ்வளவு மாற்றியது என்று அளக்கும் கருவி, வெறும் இருநூறு பேர் ஆடிய ‘வாசல்’ என்ற ஆட்டத்தை முதலிடத்தில் நிறுத்தியது. அதில், அனுமதி கேட்காமல் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சாவுதான்.

“கருவி எதையோ தப்பா அளக்குது. நேர்ல போய்ப் பார்த்துட்டு வாம்மா,” என்றார் குழுத் தலைவர்.

அந்த இருநூறு பேரில் ஒருவரைத் தேடி அவள் கோவில்பட்டிக்குப் போனாள். திறந்து கிடந்த வீட்டின் முன், காய்கறிப் பையோடு மழையில் நனைந்தபடி நின்றிருந்தாள் அவருடைய மனைவி சண்முகக்கனி.

“உள்ள போகாம ஏம்மா நனையுறீங்க?”

“வரலாமான்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.”

“உள்ள யாரு இருக்கா?”

“யாரும் இல்ல தாயி. அவுக தவறி எட்டு மாசம் ஆச்சு.”

“நீங்களும் அந்த கேம் ஆடுவீங்களா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. இந்தத் தெருவுல எல்லாரும் இப்படித்தான்.”

இளவேனில் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு ஒருவராகத் தெரு முழுக்க ஆட்கள் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சட்டென்று சண்முகக்கனியின் முகம் மலர்ந்தது. “கூப்புட்டுட்டாக,” என்று உள்ளே போனாள்.

இளவேனிலுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. பின்னாலேயே போகப் பார்த்தாள்; கால் எழவில்லை. கைப்பேசியை எடுத்துத் தலைவரை அழைத்தாள்.

“கருவி சரியாத்தான் அளந்திருக்கு சார்,” என்றாள். பிறகு அந்த இருண்ட வீட்டைப் பார்த்து, “நான் வரலாமா?” என்று மெல்லக் கேட்டுவிட்டு, பதிலுக்காக மழையில் நின்றாள்.