மறுபடி சுட்டால் பேசுவார்

எதிரி செத்தால் நெஞ்சு பதற வேண்டுமாம். அதற்காக அந்தத் துப்பாக்கி வீடியோ கேமில், ஆடுபவரின் வீட்டில் இறந்துபோனவர் பதிந்து வைத்த பேச்சை, அவர் குரலிலேயே பேசித்தான் எதிரி சாவான்.

சாகுமுன் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தபோது அப்பா ஏதோ பேசிப் பதிந்து வைத்திருந்த செல்போனை, எழிலன் அப்படியே கேம் கம்பெனிக்குக் கொடுத்து, ஆட்டத்தில் சுட ஒரு புதுத் துப்பாக்கி வாங்கிக்கொண்டான். அக்கா தமயந்தியிடம் மூச்சு விடவில்லை.

இன்று அவள் காபியோடு வந்தபோது, திரையில் குண்டடிபட்ட சிப்பாய் அப்பாவின் குரலில், "தமா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றான். எழிலன் சட்டென்று பேச்சைத் தாண்டிவிடும் ஸ்கிப் பட்டனை அழுத்தினான்.

அவள் காபியைக் கீழே வைத்தாள். "அப்பா என்னடா சொன்னாரு?"

"யாருக்குத் தெரியும்? சாகறவன் பேச்சு ஆட்டத்த இழுக்குதுக்கா. நான் முழுசாக் கேட்டதே இல்ல."

"திரும்பப் போடுடா, நாயே!"

"மறுபடி சுட்டாத்தான் பேசுவாரு" என்று கண்ட்ரோலரை நீட்டினான். "இந்தா, நீயே சுடு."